கை பட்ட இடத்தில் தேடுங்கள்: நாமே வேலை பார்த்த பிறகு கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால்

(நமது சங்கத்தின் சென்ற மாதக் கூட்டத்தில், வாகனப் பராமரிப்புத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வுபெற்ற நம் குடியிருப்பு அன்பர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் பாருங்கள். குறைந்தது இரண்டு கார்களின் பானெட் திறந்திருக்கும். ஒருவர் ஏர் ஃபில்டரைத் தட்டிக்கொண்டிருப்பார். இன்னொருவர் ஆன்லைனில் வாங்கிய பேட்டரியை அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டிருப்பார். ஸ்பார்க் பிளக் மாற்றுவது எப்படி என்று யாரோ ஒருவருடைய மொபைலில் வீடியோ ஓடும். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பானெட்டைத் திறக்கவே பயப்படுகிறவரைவிட, திறந்து பார்த்து நாலு விஷயம் தெரிந்துகொள்கிறவர் கையில் வண்டி நன்றாகவே இருக்கும். அதனால் இதையெல்லாம் செய்யாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

நான் பேசப்போவது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. வேலையை முடித்து, பானெட்டை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்புகிறீர்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அல்லது ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது. அல்லது ஓடுகிறது, ஆனால் குளிர் ஜுரம் வந்ததுபோல் உதறுகிறது. நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது?

தனி வீட்டில் இருப்பவருக்கு இது அவருடைய பிரச்சினை மட்டும்தான். நமக்கு அப்படி இல்லை. நம்மில் பலர் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துகிறோம். வெளிப்பக்கம் நிற்கும் வண்டி நகராவிட்டால் உட்பக்கம் நிற்கும் வண்டியும் நகராது. நள்ளிரவில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு வலி என்றால், உங்கள் கார் அங்கே கல்லாக நிற்பது அவர்கள் வீட்டுப் பிரச்சினையாகிவிடும். பெட்ரோல் வாசனையும் புகையும் மூடிய பேஸ்மென்ட்டில் தேங்கினால் அது எல்லோருக்கும் ஆபத்து. அதனால்தான் இதைச் சங்கக் கூட்டத்திலேயே பேசலாம் என்று நினைத்தேன்.

முதல் விதி

தொலைத்த இடத்தில்தான் தேட வேண்டும் என்பார்கள். இந்த விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு பொருந்தும். நீங்கள் வேலை பார்ப்பதற்கு முன்பு வண்டி ஓடியது, பார்த்த பிறகு ஓடவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நீங்கள் கை வைத்த இடத்தை. அதற்கடுத்து, அந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் தூரத்தில் இருப்பவற்றை. முழங்கை பட்டு ஒரு கனெக்டர் தளர்ந்திருக்கலாம். ஃபில்டர் பெட்டியைத் தூக்கும்போது ஒரு ஹோஸ் கழன்றிருக்கலாம்.

பெரும்பாலானோர் இதை விட்டுவிட்டு எங்கேயோ தேடுகிறார்கள். பிளக் மாற்றிய பிறகு வண்டி உதறினால், ஃபியூல் பம்ப் போய்விட்டதோ, ஈசியூ போய்விட்டதோ என்று போகிறார்கள். இணையத்தில் தேடினால் இருபது காரணங்கள் வரும், எல்லாமே விலை அதிகமான காரணங்களாகத்தான் இருக்கும். நேற்று வரை நல்ல நிலையில் இருந்த ஃபியூல் பம்ப், நீங்கள் பிளக் மாற்றிய அதே மணி நேரத்தில் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். புதுப் பொருள் எதையும் வாங்காதீர்கள். என்னென்ன கழற்றினீர்கள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். கடைசியாக மாட்டியதிலிருந்து ஆரம்பித்து, பின்னோக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். கழற்றும் முன் மொபைலில் இரண்டு போட்டோ எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்று. புதிதாகப் போட்ட பொருள் என்பதாலேயே அது நல்ல பொருள் என்று நம்பிவிடாதீர்கள். பழையதைத் தூக்கிப் போடாமல் ஒரு வாரம் வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் பழையதை மாட்டிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது.

அடுத்து, வண்டி என்ன செய்கிறது என்று சரியாகக் கவனியுங்கள். "ஸ்டார்ட் ஆகலை" என்று போனில் சொன்னால் எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்பது, "செல்ஃப் எடுக்குதா?" என்றுதான். செல்ஃப் மோட்டார் சுற்றவே இல்லையா, சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா, பிடித்த பிறகு மிஸ்ஸிங் அடிக்கிறதா? இந்த மூன்றும் மூன்று வேறு நோய்கள்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றால்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அல்லது 'டிக் டிக் டிக்' என்று வேகமான சத்தம், டேஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன. பேட்டரியில் கை வைத்த பிறகு இது நடந்தால், பத்தில் எட்டு முறை டெர்மினல் கிளாம்ப் சரியாக இறுகவில்லை என்று பொருள். கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். கையால் அசைந்தால் அது தளர்வு. பெரும்பாலான கார்களில் 10ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். விளக்கும் ஹாரனும் வேலை செய்கிறதே என்று ஏமாறாதீர்கள். அவற்றுக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். தளர்ந்த கிளாம்ப் வழியாக அவ்வளவு மின்சாரம் போகாது.

கிளாம்ப் எவ்வளவு முடுக்கினாலும் இறுகவில்லை என்றால், பேட்டரியே உங்கள் காருக்கு உரியதுதானா என்று பாருங்கள். சிறிய கார்கள் சிலவற்றின் பேட்டரிக்கு மெல்லிய முனையும், மற்றவற்றுக்குத் தடித்த முனையும் இருக்கும். பாசிட்டிவ் முனை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். இடம் மாறியதை வாங்கிவிட்டால் ஒயரை இழுத்து இழுத்துத்தான் மாட்ட வேண்டியிருக்கும், அப்படி மாட்டியது நிற்காது. சிக்னலில் தானாக அணைந்து எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள கார் என்றால், அதற்குரிய ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரிதான் போட வேண்டும். சாதாரண பேட்டரி அதில் சீக்கிரம் உயிரை விடும்.

முனையில் வெள்ளை, பச்சைப் பூஞ்சைபோல் படிந்திருந்தால், ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். கரைசல் பேட்டரியின் மூடித் துவாரத்துக்குள் போகக்கூடாது.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரணம் தெரிந்தால் மறக்காது. காரின் உடல் முழுக்க நெகட்டிவ்வோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவ் இணைப்பு இருக்கும்போது பாசிட்டிவ் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, அதன் மறுமுனை பாடியில் பட்டால், பேட்டரியின் முழு மின்சாரமும் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும். கையில் மோதிரமோ கடிகாரமோ இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி மாட்டிவிட்டால் கதை வேறு. மெயின் ஃபியூஸ் போய்விடும். ஆல்டர்னேட்டரின் டையோடுகளும் ஈசியூவும்கூட அடி வாங்கலாம். அப்படி நடந்துவிட்டால், ஒயரைச் சரியாக மாட்டித் திரும்பத் திரும்ப முயற்சி செய்ய வேண்டாம். மெக்கானிக்கிடம் நடந்ததை அப்படியே சொல்லிவிடுங்கள்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஓர் இரவு ஓய்வாக நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் குறைந்திருக்கிறது. 12 வோல்ட் என்றால் ஏறக்குறைய காலி. செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று பொருள். கடையில் பல நாள் கிடந்த புதுப் பேட்டரியும் சார்ஜ் இறங்கியிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் எந்தச் சத்தமும் இல்லையா? ஆட்டோமேட்டிக் என்றால் கியர் 'பி'யிலோ 'என்'னிலோ இருக்கிறதா பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் பிரேக்கையும், மேனுவலில் கிளட்ச்சையும் முழுதாக மிதியுங்கள். தரைவிரிப்பு மடிந்து பெடலுக்கு அடியில் சிக்கியிருந்தால்கூட ஸ்டார்ட் ஆகாது. நீங்களே பிரேக் லைட் பல்பு மாற்றி, அதில் ஃபியூஸ் போயிருந்தால், சில பட்டன் ஸ்டார்ட் கார்கள் பிரேக் மிதித்ததாகவே எடுத்துக்கொள்ளாது. யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

இங்கே முதலில் பார்க்க வேண்டியது டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு. அது விடாமல் சிமிட்டினால், வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. இதை இமொபிலைசர் என்பார்கள். திருட்டுச் சாவியில் வண்டி ஓடாமல் தடுக்கும் ஏற்பாடு. ரிமோட் சாவியின் செல்லையோ உடைந்த கூட்டையோ வீட்டிலேயே மாற்றியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். சில சாவிகளில், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய சிப் ஒன்று கூட்டுக்குள் தனியாக ஒட்டியிருக்கும். கூட்டைப் பிரிக்கும்போது அது கீழே விழுந்துவிடும், அல்லது பழைய கூட்டோடு குப்பைக்குப் போய்விடும். கதவு ரிமோட்டில் திறக்கும், ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சில கார்கள் ஒரு நொடி ஓடி அணைந்துவிடும். குப்பைத் தொட்டியைக் கிளறுவதற்கு முன் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் ஸ்டார்ட் ஆனால் வண்டியில் குறை இல்லை.

பட்டன் ஸ்டார்ட் கார்களில் சாவியின் செல் தீர்ந்தால் பயப்பட வேண்டாம். சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்தினால் பெரும்பாலான கார்கள் ஸ்டார்ட் ஆகும். சில மாடல்களில் அதற்கென்று தனி இடம் இருக்கும், கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். அந்தச் சிப்புக்குச் செல் தேவையில்லை.

அடுத்து, சாவியை ஸ்டார்ட் வரை போகாமல் 'ஆன்' நிலையில் நிறுத்திக் காது கொடுங்கள். பெட்ரோல் கார்களில் பின் சீட்டுப் பக்கத்திலிருந்து ஓரிரு நொடி 'உய்ங்' என்று பம்ப் சத்தம் கேட்கும். டேஷ்கேம், சார்ஜர் என்று எதையாவது பொருத்தும்போது தவறான ஃபியூஸைப் பிடுங்கியிருந்தால் இந்தச் சத்தம் வராது. ஃபியூஸ் பெட்டி மூடியில் வரைபடம் இருக்கும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. போன ஃபியூஸுக்கு அதே அளவுதான் போட வேண்டும். பெரியதைப் போட்டால் அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். சிகரெட் பெட்டித் தாளையும் ஒயர் துண்டையும் வைத்து ஒப்பேற்றுவது, பேஸ்மென்ட்டில் நிற்கும் எல்லா வண்டிகளுக்கும் நாமே வைக்கும் தீ.

ஏர் ஃபில்டர் மாற்றிய பிறகு இப்படி ஆனால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஃபில்டர் பெட்டியிலோ அதன் குழாயிலோ உள்ள சென்சாரின் கனெக்டர் மாட்டப்பட்டிருக்கிறதா? பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் இரு முனையிலும் முழுதாக ஏறி, கிளிப் இறுகியிருக்கிறதா? பெட்டியின் கொக்கிகள் எல்லாம் விழுந்திருக்கின்றனவா? தூசி போகாமல் இருக்கக் குழாய்க்குள் அடைத்த பனியன் துணியை எடுக்க மறப்பவர்களும் உண்டு. அதை எடுக்காமல் செல்ஃப் அடிக்காதீர்கள். காற்று வராததால் இன்ஜின் மூச்சு முட்டும், துணி உள்ளே இழுக்கப்படவும் கூடும்.

ஒரு முறைக்கு அதிகபட்சம் பத்து நொடிதான் செல்ஃப் அடிக்க வேண்டும். பிறகு அரை நிமிடம் ஓய்வு. மூன்று முறைக்கு மேல் வேண்டாம். தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடாகும், பேட்டரி இறங்கும், பிளக்குகள் பெட்ரோலில் நனைந்துவிடும். பெட்ரோல் வாடை அடித்தால் பத்து நிமிடம் விடுங்கள். அதன்பின் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி சில நொடிகள் செல்ஃப் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்போது பெட்ரோல் பாய்வது நிறுத்தப்பட்டு, உள்ளே தேங்கியது வெளியேறும். இன்ஜின் பிடித்த உடனே காலை எடுத்துவிடுங்கள்.

டீசல் கார்களுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகு பிடிக்கவில்லை என்றால் லைனில் காற்று ஏறியிருக்கும். கையேட்டில் சொன்னபடி ஏர் எடுக்க வேண்டும். ஹை பிரஷர் குழாய்களின் நட்டை மட்டும் தளர்த்திவிடாதீர்கள். அதில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவுக்கு அழுத்தம் உண்டு.

ஓடுகிறது, ஆனால் மிஸ்ஸிங் அடிக்கிறது

பிளக் மாற்றியவர்களும், இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியவர்களும் சந்திப்பது இது. நான்கில் ஒரு சிலிண்டர், அல்லது மூன்றில் ஒன்று வேலை செய்யவில்லை. வண்டி உதறும், இழுக்காது. மஞ்சள் நிற இன்ஜின் செக் லைட் எரியும்.

அந்த விளக்கை நன்றாகப் பாருங்கள். நிலையாக எரிந்தால் சீக்கிரம் கவனிக்க வேண்டும் என்று பொருள். விட்டுவிட்டுச் சிமிட்டினால் உடனே ஓரம் கட்டி நிறுத்த வேண்டும் என்று பொருள். ஏனென்றால் அந்தச் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய் வழியாகப் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிகிறது. அதனுள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு சூட்டில் உருகிவிடும். அதை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் பிளக் விலை ஒன்றுமே இல்லை. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சிமிட்டும் விளக்கோடு ஓட்டாதீர்கள்.

இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் இருக்கிறது. அதன் கனெக்டர் 'டிக்' என்று பூட்டு விழும் வரை போக வேண்டும். பாதி போய் நின்றால் அந்தச் சிலிண்டர் தூங்கும். ஒவ்வொன்றையும் லேசாக இழுத்துப் பாருங்கள். பழைய கார்களில் பிளக் ஒயர்கள் உண்டு. பெரும்பாலான நான்கு சிலிண்டர் இன்ஜின்கள் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும். இரண்டு ஒயர்கள் இடம் மாறினால் உதறலோடு 'பட் பட்' என்று வெடிச்சத்தமும் வரும். ஒரு நேரத்தில் ஒரு ஒயரைக் கழற்றி, அந்தப் பிளக்கை மாற்றி, அதே ஒயரை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனால் இந்தக் குழப்பமே வராது.

பிளக்கைக் கீழே போட்டால் அதன் முனை இடைவெளி மூடிக்கொள்ளும், வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசலும் விழலாம். விழுந்த பிளக்கை மாட்டாதீர்கள். இன்ஜின் முழுதாக ஆறிய பிறகுதான் பிளக்கில் கை வைக்க வேண்டும். முதலில் விரலால்தான் சுற்ற வேண்டும், மரை சரியாகப் பிடித்தால் தடையில்லாமல் இறங்கும். கடைசி முறுக்கு மட்டும் ஸ்பேனரால், அதுவும் கையேட்டில் சொன்ன அளவுக்கு. அதிகம் முறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். போதாமல் முறுக்கினால் வாயு கசிந்து பிளக் சூடேறும்.

எந்தச் சிலிண்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசி உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சிறிய ஓபிடி ஸ்கேனர் மொபைலோடு புளூடூத்தில் பேசும். பி0301 என்று காட்டினால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் ஒன்றுக்கு மேல். இனி காசில்லாத ஒரு சோதனை. பி0301 வந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு, முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதில் மாட்டுங்கள், இரண்டாவதை முதலாவதில் மாட்டுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0302 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடி பி0301 வந்தால் காயில் நல்லது, பிளக்கைப் பாருங்கள். நான்கு காயிலையும் மொத்தமாக மாற்றச் சொல்கிறவரிடம் இந்தச் சோதனையைச் சொல்லிப் பாருங்கள்.

இன்ஜினைக் கழுவியதால் வந்த மிஸ்ஸிங் என்றால், பிளக் இருக்கும் குழிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும். காயிலைக் கழற்றி, குழியில் உள்ள தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, காயிலின் ரப்பர் மூடியையும் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு பிளக்கைக் கழற்றினால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். இன்ஜினுக்கு ஈரத்துணித் துடைப்பே போதும். பைப் போட்டுக் கழுவக்கூடாது என்ற நம் சங்க விதி தண்ணீருக்கு மட்டுமல்ல, உங்கள் காயிலுக்கும் நல்லது.

ஒரு சமாதானமும் சொல்லிவிடுகிறேன். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் சில கிலோமீட்டர் ஐடிலிங் லேசாக ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். ஈசியூ தான் கற்று வைத்திருந்ததை மறந்திருக்கிறது, மறுபடி கற்றுக்கொள்ளும். கடிகாரம், பவர் விண்டோ, ஆடியோ கோடு ஆகியவற்றையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கலாம்.

பழைய வைத்தியம் புது வண்டிக்கு ஆகாது

அம்பாசிடரும் பத்மினியும் ஓட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, சி.பி. பாயின்ட்டை எமரித் தாளால் தேய்த்து, கண்டென்சரை மாற்றி, நடு ரோட்டில் வண்டியை எழுப்பியவர்கள். அந்த அனுபவத்துக்கு என் வணக்கம். ஆனால் அன்றைய இரண்டு பழக்கங்களை விட்டுவிட வேண்டும்.

ஒன்று, இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் திடீரென்று எகிறி எலக்ட்ரானிக் பாகங்களைக் கெடுக்கும். இரண்டாவது, பிளக்கை வெளியே எடுத்துக் கையில் பிடித்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பது. இப்போதைய காயில்கள் முப்பதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் தரக்கூடியவை. இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் இன்ஜினின் காயிலுக்கு அருகே போகவே வேண்டாம். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் வெளியே பொறி விடுவது தீக்குச்சி கிழிப்பதற்குச் சமம்.

பேஸ்மென்ட்டில் செய்யக்கூடாதவை

பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் சாவியைத் திருப்பாதீர்கள். அந்த இடத்து மின்விளக்கு சுவிட்சையும் தொடாதீர்கள். செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள்.

சரி பார்க்கிறேன் என்று இன்ஜினை பேஸ்மென்ட்டில் ஓடவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் வரும்போதுதான் தெரியும். சோதனைகளைத் திறந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் ஆகாத வண்டியைச் சரிவுப் பாதையில் உருட்டி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும், ஸ்டீயரிங் கல்லாகிவிடும். கீழே குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஆட்டோமேட்டிக் கார்களைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. பேட்டரி செத்த ஆட்டோமேட்டிக்கைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும் என்றால், பல மாடல்களில் கியர் லீவருக்கு அருகே சிறிய மூடிக்கு அடியில் ஷிஃப்ட் லாக்கை விடுவிக்கும் இடம் இருக்கிறது. உங்கள் காரில் அது எங்கே என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்க வேண்டுமென்றால் வரிசை முக்கியம். சிவப்பு ஒயர் செத்த பேட்டரியின் பாசிட்டிவ்வில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவ்வில். கறுப்பு ஒயர் நல்ல பேட்டரியின் நெகட்டிவ்வில், அதன் மறுமுனை செத்த பேட்டரியில் அல்ல, அந்தக் காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பகுதியில். கடைசி இணைப்பில் பொறி வரும். பேட்டரி அருகே ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. கழற்றும்போது தலைகீழ் வரிசை. ஹைப்ரிட், மின்சாரக் கார்களிலிருந்து ஜம்ப் எடுக்க வேண்டாம்.

எங்கே நிறுத்த வேண்டும்

கை பட்ட இடங்களை எல்லாம் பார்த்தாகிவிட்டது, முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை. அங்கே நிறுத்துங்கள். அதற்குமேல் ஒவ்வொன்றாகக் கழற்றினால் ஒரு குறை மூன்றாகும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, என்னென்ன செய்தீர்கள் என்று எழுதிய தாளைக் கொடுங்கள். சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தால், அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டும். அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கொடுப்பீர்கள். வாரன்ட்டியில் இருக்கும் கார் என்றால், வாரன்ட்டிப் புத்தகத்தைப் படித்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

நேரத்தையும் யோசியுங்கள். ஞாயிறு மாலை ஸ்பேர்ஸ் கடை பெரும்பாலும் மூடியிருக்கும், மறுநாள் அலுவலகம். சனிக்கிழமை காலையில் வேலையை வைத்துக்கொண்டால் ஒன்றரை நாள் கையில் இருக்கும். வண்டியை யாரையும் மறிக்காத இடத்துக்கு நகர்த்திவிட்டு ஆரம்பியுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். செக்யூரிட்டி அறையில் ஒரு பொதுப் பெட்டி வைக்கலாம். தரமான ஜம்பர் கேபிள், மல்டிமீட்டர், ஓபிடி ஸ்கேனர், 10ஆம் நம்பர் ஸ்பேனர், டார்ச் லைட், ஃபியூஸ் பாக்கெட், கூடவே ஒரு கையெழுத்து நோட்டு. எல்லோரும் சேர்ந்து போட்டால் வீட்டுக்குச் சொற்பத் தொகைதான் வரும். இரவு இரண்டு மணிக்கு யாருக்காவது வண்டி எடுக்க வேண்டி வந்தால் அந்தப் பெட்டியின் அருமை தெரியும். எப்படிப் பயன்படுத்துவது என்று நம் செக்யூரிட்டி ஊழியர்களுக்கும் ஆர்வமுள்ளவர்களுக்கும் ஒரு சனிக்கிழமை காலையில் காட்டித் தர நான் தயார்.

அச்செடுத்து காரில் வைத்துக்கொள்ள

1. புதுப் பொருள் வாங்காதீர்கள். கழற்றியவற்றைப் பட்டியலிட்டு, கடைசியாக மாட்டியதிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்.
2. செல்ஃப் எடுக்கவில்லை: டெர்மினல் கிளாம்ப், வோல்டேஜ், கியர் நிலை, பிரேக் மற்றும் கிளட்ச் மிதி.
3. சுற்றியும் பிடிக்கவில்லை: சாவி விளக்கு, இரண்டாவது சாவி, பம்ப் சத்தம், ஃபியூஸ், ஏர் ஃபில்டர் பெட்டியின் கனெக்டரும் குழாயும்.
4. மிஸ்ஸிங்: காயில் கனெக்டர், பிளக் ஒயர் வரிசை, பிளக் குழியில் ஈரம். காயிலை இடம் மாற்றிச் சோதியுங்கள்.
5. செக் லைட் சிமிட்டினால் ஓட்டாதீர்கள்.
6. செல்ஃப் பத்து நொடி, ஓய்வு அரை நிமிடம், மூன்று முறை. அதற்குமேல் மெக்கானிக்.
7. பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் தொடாதீர்கள்.

(பொதுப் பெட்டி குறித்த வேண்டுகோள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும். செய்முறை விளக்கத்தில் கலந்துகொள்ள விரும்புவோர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.)